மைனியின் குதிகால் பிரேக்

ஓடாத மெஷினைக் கையால் தட்டிப் பார்க்கிறவர்களைக் கண்டால் எனக்கு ரத்தம் கொதிக்கும். தட்டிப் பார்த்து வாங்க அது என்ன தேங்காயா? மால்களிலும் கேம் கடைகளிலும் நிற்கிற விளையாட்டு மெஷின்களைப் பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு. பொம்மையைக் கொக்கி போட்டுத் தூக்குகிற மெஷின், துப்பாக்கி மெஷின், பாட்டுக்குக் குதிக்கிற மெஷின் எல்லாம் என் கைக்கு வரும். ஆனாலும் எனக்குப் பிடித்தது கார் ரேஸ் மெஷின்தான். சீட், ஸ்டீயரிங், பெடல் எல்லாம் நிஜக் காரில் இருப்பதுபோலவே இருக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், எனக்கு நிஜக் கார் ஓட்டத் தெரியாது. பைக்கோடு சரி. "பொம்மைக் கார் டிரைவர்" என்றுதான் அண்ணன் என்னைக் கூப்பிடுவான்.

போன வருஷம் தீபாவளி முடிந்த கையோடு, செம்பூரில் கேம் கடை வைத்திருக்கும் ஒருவர் என்னை வரச் சொன்னார். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். பேங்க் வேலையை விட்டுவிட்டு, பிள்ளைகள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதே சுகம் என்று கடை போட்ட மனுஷன். மூடப்போகிற ஒரு மாலிலிருந்து பழைய ரேஸ் மெஷின் ஒன்றை வாங்கி வந்து நடுக்கடையில் நிறுத்தியிருந்தார்.

"நன்னாப் பாத்துக் குடுத்துடுப்பா. கிறிஸ்துமஸ் லீவுக்குக் கொழந்தைகள் வரச்சே இது ஓடிண்டிருக்கணும்" என்றார்.

ஆன் செய்து பார்த்தேன். திரையில் சிவப்பு நிறமே செத்துப்போய், ரோடு, வானம், கார் எல்லாம் பாசி பிடித்திருந்தன. ஸ்டீயரிங்கை விட்டால் கார் தானாக இடது பக்கச் சுவரைத் தேடிப் போனது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு தடவை ஓடியது, ஒரு தடவை யோசித்தது. பின்கதவைத் திறந்தேன். எனக்கு முன்னால் கை வைத்த மகராசன் எவனோ, பெடல் கம்பியைத் துணி காயப்போடும் நைலான் கயிற்றால் கட்டி வைத்திருந்தான். நான் திட்டிய திட்டில் கடைக்காரர் இரண்டடி பின்னால் போய் நின்றார்.

"நீ அவனைத் திட்டறயா, என்னைத் திட்டறயா?" என்று கேட்டார்.

அவர் கடையில் அதைப் பிரித்துப் போட இடமில்லை. தாராவிக்கே கொண்டுபோய்விடுவது என்று முடிவு செய்தேன். எங்கள் வீட்டில் கீழே தையல் கூடம், மேலே குடித்தனம், நடுவில் ஒரு இரும்பு ஏணி. தையல் கூடம் மைனியுடையது. மைனி என்றால் அண்ணன் மனைவி. திருநெல்வேலிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து லெதர் பை தைக்கிறாள். தீபாவளி ஆர்டர் முடிந்ததால் மூன்று தையல் மெஷினில் ஒன்று சும்மா இருந்தது. அதைச் சுவரோரம் தள்ளிவிட்டு அந்த இடத்தைக் கேட்டேன்.

"தாராளமா வையும் கொழுந்தனாரே. ஆனா என் லெதர்ல ஒரு பொட்டு எண்ணெ பட்டுச்சு, ஒம்ம காத அறுத்துப் பைக்கு வாரா வச்சுத் தச்சிருவேன்" என்றாள் மைனி. சொன்னால் செய்கிற ஆள்தான்.

எங்கள் சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்தச் சந்துக்குள் ரேஸ் மெஷின் வந்தது. சீட் பாதியைத் தனியாகவும் திரை பாதியைத் தனியாகவும் கழற்றி, நாலு பேர் தலைக்கு மேல் தூக்கி வந்தோம். குழாயடியில் திரை பாதி மாட்டிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. குடத்தோடு நின்ற பெண்கள் தமிழில் ஒரு சுற்று, இந்தியில் ஒரு சுற்று வைது முடித்தபின், அவர்களே ஆளுக்கொரு கை கொடுத்து அதைச் சாய்த்து நகர்த்தினார்கள். கூடத்துக்குள் வைத்தபோது என் சட்டையில் ஒரு பொத்தான்கூட இல்லை.

இந்த இடத்தில் அண்ணனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அவனிடம் ஒரு சின்ன டெம்போ உண்டு. தாராவியில் தைக்கிற பைகளை ஏற்றிக்கொண்டு மாஹிம், மாட்டுங்கா, செம்பூர் என்று சுற்றுவான். அந்த மழைக்காலத்தின் கடைசியில் சர்க்கரை அவன் கண்ணில் கை வைத்துவிட்டது. கிட்டத்தில் இருப்பது தெரியும், தூரத்தில் இருப்பது கலங்கும். வண்டியைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து டெம்போ சந்து முனையில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது. அண்ணன் தினமும் காலையில் போய்த் தார்ப்பாயை விலக்கி, கண்ணாடியைத் துடைத்து, டிரைவர் சீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வருவான். யாரும் அதைப் பற்றி அவனிடம் பேசமாட்டோம்.

தேவ்நாரில் ஒருவர் வண்டியை விலைக்குக் கேட்டிருந்தார். அண்ணன் கொடுத்துவிடுவதாக இருந்தான். அப்போதுதான் மைனி சொன்னாள்: "விக்கப்பிடாது. நான் ஓட்டுதேன். நீங்க பக்கத்துல இருந்து வழி சொல்லுங்க."

அண்ணன் முதலில் சிரித்தான், அப்புறம் கத்தினான், அப்புறம் ஒரு கெடு வைத்தான். புது வருஷத்துக்குள் லைசென்ஸ் வாங்கினால் வண்டி வீட்டில் நிற்கும், இல்லையென்றால் தேவ்நார். மைனி மோட்டார் ஸ்கூலில் சேர்ந்தாள். முதல் டெஸ்ட்டில் நடைபாதை மேல் ஏற்றி ஃபெயிலானாள். அடுத்த டெஸ்ட் கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம். அதிலும் போனால் வண்டி போய்விடும்.

"அந்த வண்டிய வித்தா இவிய மொடங்கிப் போயிருவாவ தம்பி" என்று மைனி அண்ணனைப் பற்றி என்னிடம் ஒருநாள் பூண்டு உரித்துக்கொண்டே சொன்னாள். அவள் என்னைத் தம்பி என்று கூப்பிட்டால் விளையாட்டு இல்லை என்று அர்த்தம்.

ஃபெயிலானதற்கு அவள் சொன்ன காரணம், மோட்டார் ஸ்கூல் கார் சரியில்லை என்பது. பிரேக் போட்டாளாம், பிடிக்கவில்லையாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான். நானும் சேர்ந்து சிரித்தேன்.

இனி மெஷின். முதலில் நைலான் கயிற்றை அறுத்தெறிந்தேன். பாதி நோய் அதோடு தீர்ந்தது. ரேடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு வால்யூம் இருக்குமே, அதே சாமான்தான் ஸ்டீயரிங்கிலும் பெடல்களிலும் இருக்கிறது. பெடலை எவ்வளவு மிதித்தோம் என்று மெஷினுக்குச் சொல்வது அதுதான். மூன்றுமே தேய்ந்து சொத்தையாகியிருந்தன. மூன்றையும் மாற்றினேன். வளைவில் திரும்பும்போது ஸ்டீயரிங் நம் கையை எதிர்த்து முறுக்க வேண்டும். அதற்கு உள்ளே ஒரு மோட்டாரும் பெல்ட்டும் உண்டு. பெல்ட் காய்ந்து விரிந்திருந்தது. அதே அளவில் பெல்ட் தேடி மார்க்கெட்டில் அலைந்துவிட்டு வந்து உட்கார்ந்தால், மைனியின் தையல் மெஷின் பெல்ட் என் மூக்குக்கு நேரே தொங்குகிறது. ஸ்பேர் ஒன்றை வாங்கி மாட்டினேன். அச்சாகப் பொருந்தியது. அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தில் இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டேன்.

பிக்சர் ட்யூபை எடுத்துவிட்டு எல்சிடி திரை வைப்பதுதான் பெரிய வேலை. கரண்டை நிறுத்திய பிறகும் பழைய ட்யூபுக்குள் கரண்டு பதுங்கியிருக்கும். ஸ்க்ரூ டிரைவரில் எர்த் வயரைக் கட்டி ஓரத்தில் தொட்டதும் 'டப்' என்று ஒரு சத்தம். தைத்துக்கொண்டிருந்த மைனி, "ஏசப்பா!" என்று எழுந்தே விட்டாள். புதுத் திரையை மாட்டி, பழைய சிக்னலை அதற்கேற்ப மாற்ற இடையில் ஒரு கார்டு போட்டு, சுவிட்சைத் தட்டினேன். பாசி போய், செக்கச்செவேல் என்று ஒரு கார் ரோட்டில் வந்து நின்றது. கூடத்தில் தைத்துக்கொண்டிருந்த பெண்கள் கை தட்டினார்கள். நான் ஒன்றும் பெரிதில்லை என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு உள்ளுக்குள் துள்ளினேன்.

யாராவது ஓட்டிக் காட்டினால்தான் பின்னால் நின்று உள்ளே கவனிக்க முடியும். மைனியைக் கூப்பிட்டேன். அவள் கையிலிருந்த பையை வைத்துவிட்டு வந்து சீட்டில் சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்தாள். பச்சை விளக்கு விழுந்தது. அடேயப்பா, என்ன வேகம்! நேர் ரோட்டில் பிய்த்துக்கொண்டு போனாள். வளைவு வந்தது. வேகம் சொல்லும்படி குறையவில்லை. சுவரில் போய் 'டமார்'.

"பிரேக் போடுங்க மைனி!"

"போட்டுட்டுதாம்ல இருக்கேன்!"

மறுபடி ஓட்டினாள். மறுபடி சுவர். கூடவே மெஷினின் வலது பக்கப் பலகையில் 'டொம்' என்று ஏதோ இடித்தது. நான் மாற்றிய பெடல் சரியில்லையோ என்று பின்னாலிருந்து எழுந்து வந்து, அவள் காலடியில் குனிந்து உட்கார்ந்தேன். மூன்றாவது தடவை வளைவு வந்தபோது பார்த்தேன். மைனியின் வலது கால் ஆக்ஸிலரேட்டர் இருக்கிற இடத்தை விட்டு நகரவே இல்லை. முன்பாதம் மேலே எழும்பியது. குதிகால் தரையைப் போட்டு அழுத்தியது. அதே நேரத்தில் வலது முழங்கால் வெளிப்பக்கம் போய்ப் பலகையை இடித்தது. பிரேக் பெடல் பக்கத்தில் தன் பாட்டுக்குச் சும்மா கிடந்தது.

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் சுவரோரம் தள்ளியிருந்த தையல் மெஷினைப் பார்த்தேன். கம்பெனித் தையல் மெஷினில் காலுக்கு ஒரே பலகைதான். முன்பாதத்தால் அழுத்தினால் ஓடும், குதிகாலால் அழுத்தினால் நிற்கும். நின்றதும் முழங்காலால் ஒரு கம்பியை வெளிப்பக்கம் தள்ளினால் ஊசிக்குக் கீழே துணியைப் பிடித்திருக்கிற இரும்புப் பாதம் மேலே எழும்பும். இருபது வருஷமாக மைனியின் கால் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

"மைனி, மோட்டார் ஸ்கூல் கார்ல பிரேக் எப்படிப் போட்டிய?"

அவள் தன் காலைக் குனிந்து பார்த்தாள். குதிகாலை ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள். அப்புறம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அய்யய்யோ! அதாம்ல அந்த மாஸ்டர், 'மேடம், கார் கதவ ஏன் ஒதைக்கிறீங்க'ன்னு டெய்லி கேட்டாரு!"

அந்த மாஸ்டர் பயந்த சுபாவம். அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. வகுப்பு முழுவதும் தன் பிரேக்கை அவரே போட்டுவிடுவாராம். வண்டி தன் குதிகாலுக்குத்தான் நிற்கிறது என்று மைனி நம்பிக்கொண்டே ஓட்டியிருக்கிறாள். டெஸ்ட்டன்று அவர் வெளியே நின்றுவிட, வண்டி நடைபாதை ஏறியிருக்கிறது. சொல்லச் சொல்ல எங்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மேலேயிருந்து அண்ணன், "என்னல அங்க கூத்து?" என்று கேட்டான்.

அதன் பிறகு நான் செய்ததைச் சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை என்று சொல்ல வேண்டும். சும்மா இருந்த தையல் மெஷினின் கால் பலகையைக் கழற்றி, ரேஸ் மெஷினில் பெடல் இருந்த இடத்தில் மாட்டினேன். முன்னால் அழுத்தினால் ஆக்ஸிலரேட்டர், குதிகாலால் அழுத்தினால் பிரேக். இரண்டுக்கும் கம்பி கொடுத்து, டெஸ்ட் சுவிட்சைப் போட்டு மெஷினுக்கு அளவைக் கற்றுக்கொடுத்தேன். என்னமோ தோன்றியது, செய்தேன். இப்படி ஒரு யோசனை வந்தால் கையைக் கட்டிக்கொண்டு இருக்க எனக்கு வராது.

மைனி உட்கார்ந்தாள். அன்று நான் பார்த்ததை இனி எந்த மாலிலும் பார்க்கப்போவதில்லை. ஜிப் தைப்பதுபோல வளைவுகளைத் தைத்துக்கொண்டு போனாள். முன்பாதம், குதிகால், முன்பாதம், குதிகால். முன்னால் போன கார்கள் எல்லாம் ஒவ்வொன்றாகப் பின்னால் விழுந்தன. முதலிடம். மறுபடி ஓட்டினாள், மறுபடி முதலிடம். நானும் ஓட்டிப் பார்த்தேன், அந்தப் பலகையில் என்னால் சந்து முனை வரைகூடப் போக முடிந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வந்தவர்கள் வீட்டுக்குப் போகவில்லை; எங்கள் வாசலில் நின்றார்கள். மைனி ஞாயிற்றுக்கிழமைப் பட்டுப்புடவையோடு சீட்டில் இருந்தாள். சந்தில் இருக்கிற வாலிபர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்து தோற்றார்கள். "பலகை மேல குத்தம் சொல்லப்பிடாது, அடுத்த ஆளு வா" என்று மைனி கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தோற்கடித்தாள். பக்கத்து வீட்டிலிருந்து டீ வந்தது, எதிர் வீட்டிலிருந்து பஜியா வந்தது. நான் மெஷினின் மேல் கை வைத்துக்கொண்டு மாப்பிள்ளைத் தோழன் மாதிரி நின்றேன்.

அண்ணன் ஏணியிலிருந்து இறங்கி வந்து, திரைக்கு ரொம்பப் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் கீழே, அவள் காலைப் பார்த்தான்.

"ஏல, அவ காலுக்கு இருந்த கிறுக்கு போதாதுன்னு நீ சர்டிபிகேட் வேற குடுக்கியா? டெம்போல பலகையா இருக்கு?" என்றான்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவன் சொன்னது சரியாக இருந்ததால் இன்னும் அதிகமாக வந்தது. ஏதோ பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மைனி சீட்டை விட்டு இறங்கிவிட்டாள். அடுத்து தோற்கக் காத்திருந்த வாலிபனை ஓரமாகப் போகச் சொன்னாள்.

"இதக் கழத்திரு தம்பி. பழைய பெடலயே மாட்டு. இன்னைக்கே மாட்டு" என்றாள்.

கூட்டம் முணுமுணுத்துக்கொண்டு கலைந்தது. நான் பலகையைக் கழற்றினேன்.

பெடல்களை மாட்டும்போது ஒரு காரியம் கூடுதலாகச் செய்தேன். குதிகால் படுகிற இடத்தில் ஒரு சுவிட்ச், முழங்கால் இடிக்கிற பலகையில் ஒரு சுவிட்ச். இரண்டும் அண்ணனின் டெம்போவுக்கென்று வாங்கி வைத்திருந்த ஹாரனுக்குப் போயின. குதிகாலை அழுத்தினாலோ முழங்காலால் இடித்தாலோ 'பாம்' என்று அலறும். காலுக்குப் புத்தி வர வேண்டும் என்றால் காதில் உறைக்க வேண்டும் என்பது என் கணக்கு. சாயந்தரம் வேலை முடிந்ததும் மைனி உட்காருவாள், 'பாம்' தொடங்கும். முதல் இரண்டு நாள் எங்கள் சந்து ஹைவே ஆகிவிட்டது. மைனியோ விடாப்பிடியாக ஓட்டினாள். 'பாம்' என்றால் "சீ, சனியன்" என்று தன் காலையே வைவாள்.

செம்பூர்க் கடைக்காரர் போன் செய்தபோதெல்லாம் இந்த ஹாரன்தான் பின்னணி.

"எங்கேப்பா இருக்கே? டிராஃபிக்லயா மாட்டிண்டே?"

"ஆமா சார், ஜாம்."

"எப்பப் பாத்தாலும் ரோட்டுலயே இருக்கியே, என் மெஷினை எப்பப் பாக்கறே?"

நான் மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டுதான் அவருக்குப் பதில் சொன்னேன்.

ஹாரன் குறைந்தது. ஆனால் மறுநாள் மறுபடி கூடியது. பகல் முழுவதும் பை தைக்கிறாள், கால் பழைய பாடத்தைப் படிக்கிறது. சாயந்தரம் வந்து புதுப் பாடத்தில் உதை வாங்குகிறது. ஒரு சாண் ஏறினால் ஒரு முழம் சறுக்கியது. டெஸ்ட் நெருங்கிவிட்டது. தைப்பதை நிறுத்தவும் முடியாது, கிறிஸ்துமஸ் ஆர்டர் வந்திருந்தது. ஒருநாள் சாயந்தரம் மைனி மெஷினில் உட்காரவே இல்லை. "வித்துரட்டும். என் காலு எனக்கே கேக்க மாட்டேங்கு" என்று சொல்லிவிட்டு, துணி எடுக்க வாசலுக்குப் போனாள். அழுகை வருகிற இடத்தில் எனக்குக் கோபம்தான் வரும். ஸ்பேனரை எடுத்துப் பெட்டியில் வீசினேன்.

வாசலுக்குப் போனவள் அங்கேயே நின்றாள். ஒரு காலில் செருப்பு, ஒரு கால் வெறுங்கால். தரையைப் பார்த்துக்கொண்டே, வெறுங்காலின் குதிகாலை அழுத்தினாள். செருப்புக் காலின் குதிகாலை அழுத்தினாள். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏ தம்பி, நான் கார்ல ஏறுதப்ப செருப்பக் கழத்தி வெளிய வச்சிட்டுலா ஏறுனேன்!"

தையல் கூடத்துக்குள் யாரும் செருப்போடு வரமாட்டோம். கீழே விரித்திருக்கிற லெதரில் அழுக்கு ஒட்டும். வெறுங்காலால்தான் பலகையை மிதிப்போம். மெஷின் என்று எது முன்னால் இருந்தாலும் மைனி செருப்பைக் கழற்றிவிடுவாள். மோட்டார் ஸ்கூல் மாஸ்டர் அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டாராம். அவளுடைய வெறும் பாதம் மிதித்துப் பழகியது அந்தத் தையல் மெஷின் பலகை ஒன்றைத்தான்.

"வெறுங்காலு தையக்காரி காலு. சூ போட்டா அது வேற காலு ஆயிருமா?" என்றாள்.

மறுநாளே மாஹிமில் போய்க் கான்வாஸ் ஷூ வாங்கி வந்தாள். வெள்ளை ஷூ, ஓரத்தில் ரோஸ் கோடு. புடவைக்குக் கீழே அதைப் போட்டுக்கொண்டு, தன் சட்டத்தைத் தானே மீறிக் கூடத்துக்குள் நடந்து வந்து, மெஷினில் உட்கார்ந்தாள். முதல் வளைவில் கால் ஒரு கணம் தயங்கியது. ஆக்ஸிலரேட்டரை விட்டு எழுந்தது. இடது பக்கம் நகர்ந்து பிரேக்கில் உட்கார்ந்தது. ஹாரன் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வளைவு, அதற்கடுத்தது. பத்தாவது இடத்தில்தான் வந்தாள். வாழ்க்கையில் நான் பார்த்த அருமையான பத்தாவது இடம் அது. இரண்டு பேரும் கூடத்தில் நின்று குதித்தோம்.

அன்றிலிருந்து பகலில் வெறுங்கால், சாயந்தரம் ஷூ. இரண்டு காலும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யவில்லை. முழங்கால் மட்டும் கொஞ்ச நாள் முரண்டு பிடித்தது, பிறகு அதுவும் அடங்கியது. ஒருநாள் எதிர் வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "என்ன, மெஷின் ரிப்பேரா? சத்தமே காணோம்" என்று கேட்டாள்.

டெஸ்ட்டன்று காலையில் அண்ணனும் நானும் மைதானத்துக் கம்பி வேலிக்கு வெளியே நின்றோம். மைனி காரில் ஏறினாள். இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்தார், மாஸ்டர் வெளியே நின்று வேர்த்துக்கொண்டிருந்தார். அண்ணனுக்கு அவ்வளவு தூரம் தெரியாது. என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"என்னல நடக்கு? சொல்லு."

"வண்டி எடுத்துட்டாங்க. குலுங்கல. செகண்ட் கியர்."

"செகண்டுக்கு இவ்ள சீக்கிரமாவா?"

"நீ சும்மா இரு. திரும்புதாங்க. இண்டிகேட்டர் போட்டாச்சு. இப்ப ரிவர்ஸ்."

"ரிவர்ஸா! பின்னால எதும் இருக்கா?"

"ஒண்ணுமில்ல. நேரா வருது. வந்துட்டு. இப்ப வெளி ரோட்டுக்குப் போகுது..."

அந்த நேரத்தில் ஒரு இளநீர் வண்டி சாவகாசமாக ரோட்டைக் கடந்தது. தள்ளியவர் போனில் பேசிக்கொண்டே வந்தார். மைனியின் கார் அவரை நோக்கிப் போனது. என் வலது கால் கம்பி வேலியை மிதித்தது.

"ஏல சொல்லுல! என்னாச்சு?"

கார் நின்றது. தூக்கிப் போடாமல், கிறீச்சிடாமல், இளநீர் வண்டிக்கு நல்ல தூரத்தில் நின்றது. போனில் பேசிக்கொண்டிருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்து போனார்.

"நிறுத்திட்டாங்க அண்ணே" என்றேன். "சூப்பரா நிறுத்திட்டாங்க."

அண்ணன் என் கையை விடவில்லை. விரலெல்லாம் வலித்தது. மைனி இறங்கி, எங்களைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். அது அவனுக்குத் தெரிந்திருக்காது என்று நினைத்து நான் சொல்லப் போனேன். "தெரியுதுல" என்று சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டான். தேவ்நாருக்கு அங்கிருந்தே போன் போட்டு, வண்டி விற்பதற்கில்லை என்று சொன்னான்.

லைசென்ஸ் வந்த மறுநாள், செம்பூருக்குக் கொண்டுபோக ரேஸ் மெஷினை டெம்போவில் ஏற்றினோம். சுவிட்சுகளையும் ஹாரனையும் கழற்றியிருந்தேன். சீட் பாதி, திரை பாதி இரண்டையும் கயிறு போட்டுக் கட்டினேன். மைனி ஷூ லேஸை இறுக்கிவிட்டு டிரைவர் சீட்டில் ஏறினாள். ஜன்னலோரம் அண்ணன், நடுவில் இடுங்கிக்கொண்டு நான். தாராவியை விட்டு வெளியே வருவதற்குள் அண்ணன் ஆயிரம் சொல்லிவிட்டான். "கியர மாத்து. பைக்குக்காரன் வாரான். கண்ணாடியப் பாரு. பஸ்ஸுக்கு வழி விடு." மைனி ஒன்றுக்கும் கோபப்படவில்லை. "சரிங்க, சரிங்க" என்று ஓட்டினாள். எனக்குத்தான் எரிச்சல். இவனை எங்காவது இறக்கி விட்டுவிட்டுப் போகலாமா என்று தோன்றியது.

சயான் தாண்டிய பிறகு அவன் சத்தத்தைக் காணவில்லை. கோபித்துக்கொண்டானோ என்று திரும்பினேன். வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். என் அண்ணன் பஸ்ஸில் போனாலும் டாக்ஸியில் போனாலும் முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ரோட்டையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அடுத்தவன் ஓட்டுகிற வண்டியில் அவன் கண் மூடி நான் பார்த்ததே இல்லை. அவன் தலை மெல்லச் சரிந்து என் தோளுக்கு வந்தது.

"மைனி, இங்க பாருங்க" என்று ஆரம்பித்தேன்.

"நான் அப்பமே பாத்துட்டேன்" என்றாள். கண் ரோட்டை விட்டு நகரவில்லை. "சத்தம் காட்டாத. கண்ணு போன நாள்லேர்ந்து இவிய சரியாத் தூங்கல."

முன்னால் சிக்னல் சிவப்புக்கு மாறியது. பின்னால் ஒரு டாக்ஸிக்காரன் அவசரப்பட்டு ஹாரன் அடித்தான். மைனி அதைச் சட்டை செய்யாமல், என் தோளில் இருந்த தலை அசையாதபடி, டெம்போவைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தினாள்.